முகமிலியின் பத்தாவது பாட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

அவசரம் என்றால் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லித்தான் இந்த முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனாய். இது அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை. அவசரம்தான் என்று ஒரு கடிதமும், அவசரம் இல்லை, ஆனாலும் என்று ஒரு கடிதமும் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். மருமகள் என்று எழுதலாமா என்பதிலும் சந்தேகம் இருந்தது. நீ வீட்டைவிட்டுப் போனாயே தவிர, நீயும் அவனும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. புதிய பாடகி ஒருத்தியாம், பெயர் முகமிலி. முகத்தைக் காட்டுவதில்லை, ஊர் பேர் சொல்வதில்லை, இதற்கு முன் எங்கும் பாடியதும் இல்லை என்று அறிவிப்பாளர் பெருமையாகச் சொன்னார். பிறகு பாட்டு வந்தது. முதல் அடியிலேயே எனக்குப் பல்வலி மறந்துவிட்டது.

அது உன் பாட்டு, அம்மா. சொற்கள் வேறு, மெட்டு உன்னுடையது. மாடி அறையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ‘யாரும் தட்டாத கதவுக்கு ஏன் தாழ்ப்பாள்’ என்று பாடுவாயே, அதே மெட்டு. நீ போட்ட மூன்று ஆல்பத்திலும் அது இல்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு புத்தக அலமாரி உண்டல்லவா, அதைத் துடைக்கிற சாக்கில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த அலமாரி அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் பார்த்த வேலை விடைத்தாள் திருத்துவது. பார்த்து எழுதியவர்களைக் கண்டுபிடிக்கும் குழுவிலும் என்னைப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு விதி வைத்திருந்தோம். இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அது படிப்பு. இரண்டு பேர் ஒரே தவறை எழுதினால் அது காப்பி. இந்தப் பாட்டில் உன்னுடைய தவறு ஒன்று அப்படியே இருக்கிறது. எது என்று இப்போது எழுதவில்லை. இன்னும் ஒருமுறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாட்டு அந்த அறையைவிட்டு வெளியே போனதில்லை. அந்த அறையில் ஒலிப்பதிவு செய்கிறவன் ஒருவன்தான். முன்பு உன்னைக் கேட்காமல் உன் பாட்டை மெத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தவனும் அவன்தான். பெற்ற பிள்ளையைப் பற்றி இதை எழுதக் கை கூசுகிறது. நான் நினைப்பது தவறாக இருக்கலாம். என் செவிக்கும் எழுபத்து நான்கு வயது. நீயாக யாருக்கும் கொடுத்தாயா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 12

மாமாவுக்கு,

கடிதம் வந்ததும் கையெழுத்தைத்தான் முதலில் சோதித்தேன். உங்களுடையதுதான். வாசகம் யாருடையது என்பதில்தான் சந்தேகம். ‘நீயாக யாருக்கும் கொடுத்தாயா’ என்பது உங்கள் மகன் கேட்கிற கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினீர்களா? அவர் மேலேயே பழி போடுவதுபோல் எழுதினால் நான் நம்புவேன் என்று அவருக்கு யோசனை வந்திருக்கலாம். அவருக்கு வரும்.

நான் இப்போது பாடுவதில்லை. லிஃப்ட்டுக்குக் குரல் கொடுக்கிறேன். ‘கதவு மூடுகிறது.’ ‘நான்காவது தளம்.’ நாற்பத்திரண்டு வயதில் தளம் தளமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். சலவைக் கடைக்கு மேல் ஓர் அறை. கீழே இஸ்திரி போடுகிற ஆவி பலகை இடுக்கு வழியாக ஏறி வருகிறது. கிட்டார் ஈரத்தில் உப்பிப்போய்ப் பெட்டிக்குள் கிடக்கிறது. கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: “பாட்டுக்காரியா இருந்தீங்களாமே?” இருந்தேன் என்றேன். “கறை போயிடுச்சா?” போகவில்லை என்றேன். “அப்ப எங்கிட்டக் குடுங்க, பாத்துக்கலாம்.” இந்த ஊரில் என்னிடம் சிரித்துப் பேசுகிற ஒரே ஆள் அவர். அவரையும் நான் முழுக்க நம்புவதில்லை.

அந்த முகமிலி யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டை நான் கேட்டதும் இல்லை. திருடியிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை, விட்டுவிடுங்கள்.

நீங்கள் படியில் நின்று கேட்டீர்கள் என்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் யாரும் கேட்காத இடம் என்று நான் நினைத்திருந்தது அந்த ஓர் அறையைத்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பாட்டு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை.


பிப்ரவரி 21

அன்புள்ள மருமகளுக்கு,

யாரும் சொல்லி நான் எழுதவில்லை. உன் முகவரி என்னிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நீ நம்ப வேண்டும் என்று வற்புறுத்தவும் எனக்கு வராது. வற்புறுத்தினால் உன் சந்தேகம் கூடும். உன் இடத்தில் இருந்தால் எனக்கும் கூடும்.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டாய். நன்றாக இருந்தது. சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் எங்கேயோ போக வேண்டியவள்போலப் பாடுகிறாள். நீ பாடும்போது போக வேண்டிய இடம் எதுவும் இருக்காது. இது இசை தெரிந்தவன் கருத்து அல்ல.

பல்லில் மிச்ச வேலை இருக்கிறது என்று சொல்லி மறுபடியும் டாக்டரிடம் போனேன். இரண்டு தடவை அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் சந்தேகம் நிச்சயமாயிற்று. பல்லில் வேலை எதுவும் இல்லை என்று டாக்டரும் நிச்சயமாகச் சொன்னார்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடி அறைக்குள் போனேன். பிறர் அறைக்குள் கதவு தட்டாமல் நான் போனதே இல்லை. அன்றும் தட்டிவிட்டுத்தான் போனேன், உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும். மேசைமேல் ஹெட்போன் கிடந்தது. அதிலிருந்து எறும்பு நடப்பதுபோல் ஏதோ சத்தம். காதில் வைத்தேன். முகமிலியின் பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிடித்திருந்தால் ஒருவன் இப்படிக் கேட்பான். பங்கு இருந்தாலும் கேட்பான்.

நேற்று அந்தப் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்குப் புகார் எழுதினேன். இந்த மெட்டு என் மருமகளுடையது, என் வீட்டில் உருவானது, நான் சாட்சி என்று. வாழ்நாளெல்லாம் புகார்களைப் படித்தவன். நானாக எழுதியது இதுதான் முதல். உன் பெயரைப் போட்டேன். உன் முகவரியைப் போடவில்லை.

உன்னிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். வீட்டில் வைத்திருந்தால் கிழித்துவிடுவேன் என்று காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டேன்.

மாமா


மார்ச் 2

மாமாவுக்கு,

உங்களுக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது? நான் கேட்டேனா? உடனே வாபஸ் வாங்குங்கள். காரணம் கேட்காதீர்கள்.

உங்களுக்குச் சாமர்த்தியமாகத் தோன்றலாம். ‘படியில் கால் தவறியவர் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் எடுக்கிற மூச்சு’ என்று எழுதிவிட்டால் திருட்டு நிரூபணமாகிவிடுமா? உலகத்தில் எத்தனையோ பேர் சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறார்கள்.

கேட்க வேண்டுமென்றால் கம்பெனியைக் கேட்டு என்ன பயன்? வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். மெத்தைக்குக் கொடுத்தவர் இதைக் கொடுத்திருக்க மாட்டாரா? ஹெட்போனில் திரும்பத் திரும்ப எதற்காகக் கேட்கிறார்? என்னைத் துருவுகிற நேரத்தில் அவரை நேருக்கு நேர் கேட்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? ஒருநாளும் இருந்ததில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோதும் நீங்கள் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தீர்கள்.


மார்ச் 11

மருமகளுக்கு,

செய்தித்தாளைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மை.

ஆகவே கேட்டேன். ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில். கேட்க வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தேன். நேரம் வந்தபோது அதைப் பார்க்கவில்லை.

“ரேடியோல அடிக்கடி ஒரு பாட்டுப் போடறான். உனக்குத் தெரியுமா?”

“ரேடியோல போடற பாட்டு யாருக்குத்தான்ப்பா தெரியாது.”

“அது அவளோடது.”

அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். “இதை இத்தோட விட்டுடுங்க.”

“நீ குடுத்தியா?”

“நான் குடுக்கல.”

“அப்ப யாரு குடுத்தா?”

“தெரியாதுன்னு வச்சுக்குங்களேன்.”

“வச்சுக்கறதுன்னா என்னடா அர்த்தம்? தெரியுமா தெரியாதா? மெத்தைக்குக் குடுத்தவன்தானே நீ.”

“அந்த மெத்தைய இன்னும் எத்தன வருஷம் விரிப்பீங்க?”

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என் குரல் உயர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் நானும் கேட்டேன். திருடன் என்ற சொல்லைச் சொன்னேன். இந்த வீட்டில் திருட்டுச் சோறு வேண்டாம் என்றும் சொன்னேன். எங்கே படித்த வசனமோ தெரியவில்லை. அவன் எழுந்து கை கழுவினான். மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கி வந்தான். “மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும், பின்னாடி இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்பீக்கர் பழுதுபார்க்கிற நண்பன் கடையில் தங்கியிருப்பதாகக் கேள்வி.

உன் மாமியார் போன பிறகு இந்த வீட்டில் நான் தனியாக இருந்தது கிடையாது. இப்போது இருக்கிறேன். அலமாரியில் தூசி படிந்திருக்கிறது.

எனக்கு வேறு வேலை இல்லாததால் உன் கடிதங்களை மறுபடி படித்தேன். நான் அனுப்புகிற எதற்கும் நகல் எடுத்து வைப்பவன் என்பது உனக்குத் தெரியும். அவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். படியில் கால் தவறியவர் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் என்ற உவமையை நான் உனக்கு எழுதவே இல்லை. கம்பெனிக்கு எழுதிய புகாரில் மட்டும்தான் எழுதினேன்.

அது உன் கண்ணில் எப்படிப் பட்டது?

பதில் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம். என் நகலில் பிழை இருக்கலாம்.

மாமா


மார்ச் 19

மாமா,

உங்கள் நகலில் பிழை இல்லை. திருடியைத் தேட வேண்டாம். முகமிலி நான்தான்.

இந்த ஊருக்கு வந்தபோது பழைய ஆல்பங்களைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். காபிக் கடைகளில், புத்தகக் கடை மூலைகளில் பாடினேன். நாற்காலி நகர்த்துகிற சத்தத்துக்கு மேல் என் குரல் ஏறவில்லை. கடைசியில் லிஃப்ட் வேலை. அந்த ஒலிப்பதிவு அறையில் ஐந்தாவது தளத்துக்கும் ஆறாவது தளத்துக்கும் நடுவில் எதையோ முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு தயாரிப்பாளர் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ‘சரிங்க’. எதைச் சொன்னாலும் சரிங்க என்பார். பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வார். அவர் சொன்னார்: “மேடம், உங்க குரல் நல்லாருக்கு. உங்க கதை நல்லால்ல. கதைய எடுத்துடலாம்.”

எடுத்துவிட்டோம். முகம் இல்லை, வயது இல்லை, முன்னால் பாடிய ஒரு வரிகூட இல்லை. பத்துப் பாட்டும் புதிது, பாடுபவர் புதியவர் என்று ஒப்பந்தத்தில் முகமிலி என்ற பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன். மூன்று ஆல்பம் போட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பெண்ணைத் தொலைத்துத் தலைமுழுகியதில் எனக்கும் சந்தோஷம்தான் என்று வையுங்கள்.

ஒன்பது பாட்டு புதிதாகத்தான் செய்தேன். பத்தாவது வரவில்லை. கை தானாக அந்த மெட்டுக்குப் போயிற்று. கதவைக் கடலாக மாற்றினேன், தாழ்ப்பாளை அலையாக மாற்றினேன். ‘யாரும் கேட்காத கடலுக்கு ஏன் அலை.’ அதைத்தான் அவர்கள் முதலில் வெளியிட்டார்கள். யாருமே கேட்டிராத மெட்டு என்று தைரியமாக இருந்தேன். அலமாரி துடைப்பவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் புகார் வந்த அன்று கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி இயக்குநர் சத்தமாகப் படித்தார். “‘அந்தப் பெண்மணி சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார். அது பிழை. அந்தப் பிழைதான் அவர் முத்திரை.’ நல்லாத்தான் எழுதியிருக்காரு. யாரு இந்தப் பெரியவர்?” தெரியாது என்றேன். “அவர் சொல்ற அந்தப் பாடகியத் தெரியுமா?” அவளையும் தெரியாது என்றேன். என்னை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது.

என் பாட்டைப் பற்றி அத்தனை பக்கம் யாரும் எழுதியதில்லை, மாமா. அதைத் திருட்டுக்குச் சாட்சியாக உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் மகன் விஷயம். போன கடிதத்தில் அவர் பக்கம் கையைக் காட்டியது தெரிந்தே செய்தது. கம்பெனியை விட்டுவிட்டு நீங்கள் அவர் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதினேன். அவர் திருடனாக இருந்தால் எனக்கு வசதி. நான் பெட்டியைத் தூக்கியது சரி என்று ஆகிவிடும். வீட்டைவிட்டே போவார் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: தவறாகப் புரிந்துகொண்டேன் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான். இல்லையென்றால் ஆல்பம் நின்றுவிடும். இந்த வயதில் இன்னொரு முறை புதியவளாக என்னால் முடியாது.

இதை அவரிடம் காட்டுவீர்களா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில், என் கருவியில் உருவான பாட்டு, எனக்கும் பங்கு உண்டு என்று அவர் வந்து நிற்பார் என்பது என் பயம். அப்படி வந்தால் பாட்டும் போகும், நானும் போவேன்.


மார்ச் 28

மருமகளுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் எழுத்து சிறிதாகிவிடும். இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நீ என்னிடம் பொய் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன். என் கையால் என் பிள்ளையை அடிக்க வைத்தாய். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஸ்பீக்கர் கடைக்குப் போனேன். முன்புறம் முழுக்க வாய் பிளந்த பெட்டிகள். நண்பன் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தான். இவன் உள்ளே தரையில் உட்கார்ந்து ஏதோ கம்பியைச் சீவிக்கொண்டிருந்தான். நீ எழுதியதை நான் சொல்லவில்லை. தப்பாப் பேசிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றான்.

“எதை?”

“அது அவதான்னு.”

“உனக்கு எப்படா தெரியும்?”

“மொத நாளே. முதல் வரி முடியறதுக்குள்ள.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? வாழ்த்து லெட்டர் போட்டிருப்பீங்க. கம்பெனி முகவரிக்கு.”

“பதிவுத் தபால்ல” என்றான் நண்பன், தலை நிமிராமல்.

“அதுக்காகத் திருடன்னு பேர் வாங்கிட்டுப் போனியா?” என்று கேட்டேன்.

“உங்ககிட்டத்தானே வாங்கினேன். ஊருக்கா தெரியும்?”

அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். உன் முகவரியைக் கேட்கவில்லை. இத்தோடு நிறுத்தினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தெரிந்ததை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பாட்டை நீ மாடியில் பாடியபோது அவன் ஒருநாள் பதிவு செய்து வைத்திருக்கிறான். பழைய சொற்களோடு, தாழ்ப்பாளோடு. எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சும்மா என்றான். சும்மா என்ற சொல்லை நம்பி நான் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. அவன் உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தானா, நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முதலாவதுதான் என்று மனசு சொல்கிறது. பெற்றவன் மனசு என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீ கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. என் செவி மங்கிவிட்டது, இரண்டு பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, வயோதிகத்தால் நேர்ந்த பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் என் பெயரைத் தவிர எதுவும் உண்மை இல்லை. இப்படி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உறையை ஒட்டவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

மாமா


ஏப்ரல் 9

மாமா,

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கொடுத்துவிடுவது என்றுதான் போனேன்.

நான் பையைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு தாளை நீட்டினார்கள். இயக்குநர், சரிங்க, ஒப்பந்தங்களைப் பார்க்கிற ஒரு மனிதர், மூன்று பேர். தாளில் கையெழுத்துக்கு இரண்டு இடம். ஒன்று முகமிலிக்கு. இன்னொன்று அந்தப் பழைய பாடகிக்கு: இந்த மெட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இப்போதும் இல்லை, இனியும் கோர மாட்டேன்.

“பெரியவர் எழுதினது பெருசில்ல” என்றார் ஒப்பந்தக்காரர். “நாளைக்கு அந்தம்மாவே வந்து நின்னா என்ன பண்றது? எங்கிருந்தாலும் தேடிப் பிடிச்சு, நயமாப் பேசி, ஒரு கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது.”

“அவங்க போட மாட்டாங்க.”

“கேட்டீங்களா?”

“இப்பத்தான் கேட்டேன்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அவள் என்று சொன்னேன். அறை அமைதியாகும் என்று எதிர்பார்த்தேன். ஒப்பந்தக்காரர் சிரித்தார்.

“புகாரை அமுக்கறதுக்கு இது நல்ல வழிதான். யார் சொல்லிக் குடுத்தாங்க?”

அவர்கள் நம்பவில்லை, மாமா. முகமிலி மாட்டிக்கொண்டதும் அந்தப் பெண்ணின் பெயரை எடுத்து மாட்டிக்கொள்கிறாள் என்கிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆள் ஒன்றா என்றார் ஒப்பந்தக்காரர். பழைய ஆல்பங்களை எடுத்துவந்து வைத்தேன். அட்டையில் இருக்கிற படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். படத்தில் இருப்பவளுக்கு வயது முப்பது. ‘தாழ்ப்பாள்’ பாடிக் காட்டினேன், அதே இடத்தில் மூச்சு வாங்கி. “காப்பி அடிச்சவங்களும் இப்படித்தான் பாடுவாங்க” என்றார். நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவரை உங்கள் குழுவில் சேர்த்திருப்பீர்கள். என் கதை தெரிந்த சரிங்க ஒரு சரிங்ககூடச் சொல்லவில்லை.

கடைசியில் இயக்குநர் ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் பதிவு செய்தவர் யாராவது பதிவோடு எழுதிக் கொடுத்தால் ஏற்கலாம். ஏற்றால் என்ன ஆகும் என்றும் சொன்னார். முகமிலி அத்தோடு முடிந்தாள். புதியவள் என்று கையெழுத்துப் போட்டு ஏமாற்றியதற்காக ஆல்பத்தையே நிறுத்தலாம், அல்லது அந்த ஒரு பாட்டை மட்டும் என் சொந்தப் பெயரில் விடலாம், யோசித்துச் சொல்வார்கள். அந்தத் தாளில் இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்கித் தந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. யாரோ ஒருத்தியைக் கூட்டிப்போய்ப் போடச் சொன்னால்கூட அவர்கள் கண்டுகொள்ளப் போவதில்லை என்று அந்த மனிதரின் பார்வையிலேயே தெரிந்தது.

தாளை வெறுமையாகவே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணை ஒருமுறை தெரியாது என்று சொன்னேன். அதையே எழுத்தில் கொடுக்க வரவில்லை.

உங்கள் பொய்க் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துவிடுங்கள், நகலையும்.

இனி உங்கள் மகன் இருக்கிறார். முதல் நாளே தெரிந்தும் அவர் பேசாமல் இருந்ததை நினைத்து ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். நல்லதை நினைக்க ஆரம்பித்தால் மெத்தை வந்து நிற்கிறது. எழுதித் தருவாரா என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம். எழுதினால் அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் படியுங்கள். ‘எங்கள் பாட்டு’ என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அனுப்ப வேண்டாம்.

லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். புதிய கட்டடமாம். தளங்கள் நிறைய.


ஏப்ரல் 17

அன்புள்ள மருமகளுக்கு,

கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எப்போது வேண்டும் என்று கேட்டான். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினான். எழுதும்போது பார்க்கக் கூடாது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். தேர்வு அறைக் கண்காணிப்பாளனாக இருந்த காலத்தில் நான் அப்படி நின்றதே இல்லை.

“இந்தாங்க.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன எழுதணும்?”

“எனக்கெப்படித் தெரியும்.”

தாளை மறுபடி வாங்கினான். “கீழ ஒரு வரி சேர்க்கட்டுமா?”

“என்ன வரி?”

பேனாவை மூடிவிட்டான். “வேணாம், விடுங்க. அது கம்பெனிக்காரங்களுக்குத் தேவையில்லை.”

அந்த வரி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவன் எழுதியது இது. இந்தப் பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் இவர். நான் கருவியை இயக்கினேன். பாட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. முன்பு ஒரு விளம்பரத்துக்கு நான் கொடுத்த பாட்டிலும் எனக்கு உரிமை இருக்கவில்லை. இத்துடன் உள்ள பதிவைத் தவிர என்னிடம் வேறு பிரதி இல்லை. கையெழுத்து, தேதி.

‘எங்கள்’ என்ற சொல் இல்லை. ‘நாங்கள்’ இல்லை. உன்னைக் குறிப்பிடும் இடத்தில் ‘என் மனைவி’ என்றுகூட இல்லை. இவர் என்றுதான் இருக்கிறது. பிரதி இல்லை என்பது மெய்யா என்று மாடி அறையைத் தேடினேன். இந்த முறை அவன் அறையில் இருக்கும்போதே. அவன் நாற்காலியை நகர்த்தி எனக்கு வழிவிட்டான். ஒன்றும் அகப்படவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை தலைகீழாகவும் படித்தேன். சூது இருந்தால் அப்படிப் படிக்கும்போது தட்டுப்படும். இரண்டு நாள் வைத்திருந்து மறுபடி படித்தேன்.

பொய்யைத் தேடியே சம்பளம் வாங்கியவன் நான். இதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடத் தெரியாமல் போய்விட்டதா, தேட எதுவும் இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தாளும் பதிவும் இத்துடன். நீயும் ஒருமுறை தேடிப் பார். கிடைக்காவிட்டால் அவர்களிடம் கொடுத்துவிடு.

மாமா